வெயிலில் நின்ற தந்தை: பழைய அரபுக் காதற்கதைகளில் மணமும் குடும்பமும்

லைலா – மஜ்னூன் கதையைக் கேட்டறியாத முஸ்லிம்கள் மிகக் குறைவு. ஸூஃபி ஞானிகள் அக்கதையை இறைக்காதலின் குறியீடாகக் கொண்டனர். மஜ்னூனின் பித்து, தன் இறைவனைத் தேடித் தவிக்கும் ஆன்மாவின் பித்து என்று விளக்கம் பெற்றது. அவ்விளக்கத்தின் ஆழத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதில் மூழ்கிய நாம் எளியதொரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டோம். அவ்விருவரையும் பிரித்தவர் யார்? எந்த அதிகாரத்தைக் கொண்டு பிரித்தனர்? மார்க்கச் சட்டம் அதற்கு இடமளித்ததா? இக்கேள்விகளோடு பழைய அரபு இலக்கியத்தை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உமையாக்களின் ஆட்சிக்காலத்தில், ஹிஜ்ரி முதலாம் நூற்றாண்டில், ஹிஜாஸ், நஜ்து பகுதிகளின் பாலைவெளிகளில் ஒரு புதிய காதற்கவிதை மரபு தோன்றியது. வாதில் குரா பகுதியில் வாழ்ந்த உத்ரா குலத்தாரின் பெயரால் அது ‘உத்ரீ’ மரபு என அழைக்கப்பட்டது. ஒருத்தியை மட்டுமே நேசிப்பது, அவளை அடைய முடியாமல் வருந்துவது, கற்பொழுக்கம் பிறழாமல் அந்நினைவிலேயே மடிவது ஆகியவை அதன் இயல்புகள். ஜமீல் – புதைனா, குஸைய்யிர் – அஸ்ஸா, பனூ ஆமிர் குலத்துக் கைஸ் – லைலா, கைஸ் இப்னு தரீஹ் – லுப்னா ஆகிய இணைகளின் கதைகள் இவ்வழியில் வந்தவை. இவற்றை விரிவாகத் தொகுத்தளித்தவர் 967இல் மறைந்த அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானி. அவரது ‘கிதாபுல் அகானீ’ இல்லையேல் இக்கதைகளில் பல நமக்கு எட்டியிரா.

மஜ்னூன் உண்மையில் வாழ்ந்தவர்தாமா என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. தன் சிற்றப்பன் மகளை நேசித்த உமையா குலத்து இளைஞன் ஒருவன், தன் காதலை மறைக்கும் பொருட்டு இப்பெயரைப் புனைந்து பாடினான் என்ற செய்தியையும் அல்-இஸ்ஃபஹானியே பதிவு செய்கிறார். வரலாற்று மாணவர்களுக்கு இது இழப்பன்று. கதை புனைவேயாயினும், அதைக் கேட்டவர்கள் நம்பத்தக்கதாகக் கருதிய குடும்ப வாழ்வு அதில் பதிவாகியுள்ளது.

இக்கதைகளில் மீண்டும் மீண்டும் வரும் தடை ஒன்றுண்டு. ஒருவன் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் காதற்கவிதை பாடிவிட்டால், அவளை அவனுக்கு மணமுடித்துக் கொடுக்க அவளது குடும்பத்தார் மறுத்துவிடுவர். மணமுடித்தால் ஊரார் பேசியதெல்லாம் மெய்யென ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சினர். மஜ்னூனுக்கு லைலாவும், ஜமீலுக்குப் புதைனாவும், தவ்பாவுக்கு லைலா அல்-அக்யலிய்யாவும் கிட்டாமற் போனது இவ்வாறே. மூன்று பெண்களும் வேறு ஆடவருக்கு மணமுடிக்கப்பட்டனர். பெண்வீட்டார் முறையிட்டபோது, காதலன் மீண்டும் அவளைக் காண வந்தால் அவனது இரத்தத்தைச் சிந்தலாம் என ஆட்சியாளரே அனுமதி வழங்கியதாகவும் கதைகள் கூறுகின்றன. கவிதை பாடியவனுக்கு அப்பெண் விலக்கப்பட்டவள் என்று குர்ஆனிலோ நபிமொழியிலோ கூறப்படவில்லை. அத்தடை குல மானம் விதித்த தடை.

கைஸ் இப்னு தரீஹின் கதை இவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கே மணம் நடந்தேறுகிறது. குஸாஆ குலத்து லுப்னாவை நேசித்த கைஸுக்கு அவரது தந்தை தரீஹ் இசைவு தரவில்லை. கைஸ் தம் பால்குடிச் சகோதரரான ஹுஸைன் (ரலி) அவர்களை நாடினார். அவர்கள் லுப்னாவின் தந்தையிடம் சென்று பேசினார்கள். தங்கள் சொல்லை மீறமாட்டோம், ஆயினும் மணமகனின் தந்தையே வந்து கேட்பதுதான் எங்களுக்கு மதிப்பு என அவர் பணிவுடன் கூறினார். ஹுஸைன் (ரலி) அவர்கள் தரீஹிடமும் சென்று அவரை இணங்க வைத்தார்கள். நிகாஹ் நிறைவேறியது.

ஆனால் குழந்தை பிறக்கவில்லை. மகன் மனைவியிடமே மனம் ஒன்றிவிட்டதைத் தாயால் தாங்க முடியவில்லை. வேறொரு பெண்ணை மணந்துகொள், அல்லது இவளை விலக்கிவிடு என்று தரீஹ் வற்புறுத்தினார். கைஸ் இரண்டையும் மறுத்தார். லுப்னாவை விலக்கும் வரை எந்தக் கூரையின் கீழும் ஒதுங்கமாட்டேன் என்று தந்தை சூளுரைத்து, கொளுத்தும் வெயிலில் போய் நின்றார். மகன் அருகே சென்று, தம் மேலாடையை விரித்துத் தந்தைக்கு நிழல் பிடித்தார். வெயிலைத் தாமே தாங்கினார். நிழல் சாய்ந்ததும் வீடு திரும்பி லுப்னாவைத் தழுவி அழுவார், அவளும் அழுவாள். தந்தைக்குப் பணிந்து தம்மையும் அழித்து அவளையும் அழித்துவிட வேண்டாம் என்று அவள் மன்றாடுவாள். இது எவ்வளவு காலம் நீடித்தது என்பதில் செய்திகள் வேறுபடுகின்றன. முடிவில் கைஸ் தலாக் சொன்னார். சொன்ன பின் சித்தம் கலங்கினார். இருவரும் பின்னர் மீண்டும் இணைந்தனர் என்று ஒரு செய்தியும், பிரிந்த நிலையிலேயே மடிந்தனர் என்று மற்றொரு செய்தியும் உள்ளன.

இக்காட்சியில் தந்தை மகனை அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. மகனின் பாசத்தையே அவனுக்கு எதிரான கருவியாக்கினார். குடும்ப நிர்ப்பந்தத்தின் உண்மையான இயல்பை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் காட்சியை நாம் அறியோம்.

இனி மார்க்கத்தின் நிலையைக் காண்போம். விலக்கப்பட்ட மனைவியும் முன்னாள் கணவரும் மீண்டும் இணைய விரும்பியபோது, அப்பெண்ணின் சகோதரரான மஃகில் இப்னு யஸார் (ரலி) அதைத் தடுத்தார். அவ்வாறு தடுக்கலாகாது எனப் பகரா அத்தியாயத்தின் 232ஆம் வசனம் இறங்கிற்று. அவரும் பணிந்து மணமுடித்துக் கொடுத்தார். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவர்தம் விருப்பத்திற்கு மாறாகத் தந்தை மணமுடித்துக் கொடுத்தபோது, அந்த நிகாஹை நபி (ஸல்) அவர்கள் ரத்து செய்தார்கள். தன் தகுதியை உயர்த்திக்கொள்ளத் தந்தை தன்னை அவருடைய சகோதரர் மகனுக்கு மணமுடித்ததாக ஓர் இளம்பெண் முறையிட்டபோது, முடிவை அவளிடமே விட்டார்கள். அவளோ அந்த மணத்தை ஏற்றுக்கொண்டாள். இவ்விஷயத்தில் தந்தையருக்கு அதிகாரமில்லை என்பதைப் பெண்கள் அறியவேண்டும் என்பதற்காகவே வந்ததாகவும் கூறினாள்.

பிற்காலச் சட்ட அறிஞர்கள் இதில் ஒருமித்த கருத்துடையோர் அல்லர் என்பதையும் மறைக்கலாகாது. பருவமடைந்த அறிவுள்ள பெண்ணை எவரும் கட்டாயப்படுத்த இயலாது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹப், கன்னிப்பெண்ணின் தந்தைக்கும் பாட்டனாருக்கும் மணமுடிக்கும் அதிகாரத்தை அளித்தது. ஆயினும் மணமகன் அவளுக்கு நிகரானவனாக இருத்தல், தந்தைக்கும் மகளுக்கும் வெளிப்படையான பகை இல்லாதிருத்தல் போன்ற நிபந்தனைகளை விதித்தது. அவளிடம் அனுமதி கேட்பதையும் விரும்பத்தக்கதாக்கியது. தகுதியான மணமகனைத் தக்க காரணமின்றி வலீ மறுத்தால், அப்பொறுப்பு காழியிடம் செல்லும் என்றும் அறிஞர்கள் வகுத்தனர்.

தரீஹின் செயலுக்கு ஆதாரம் காட்ட விரும்புவோர், உமர் (ரலி) அவர்களின் விருப்பப்படி மனைவியை விலக்குமாறு இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸை எடுத்துக்காட்டக்கூடும். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் ஒருவர், மனைவியை விலக்கும்படி தம் தந்தை ஆணையிடுவதாகக் கூறினார். விலக்க வேண்டாம் என்றார்கள் இமாம். அவர் இந்த ஹதீஸை நினைவூட்டியபோது, உம் தந்தை உமரைப் போல் ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்னும் கருத்துப்பட விடையளித்தார்கள். பெற்றோருக்குப் பணிதலைப் பெரிதும் வலியுறுத்திய ஓர் இமாமே அப்பணிதலுக்கு இவ்வாறு எல்லை வகுத்தார்.

இவை அனைத்தையும்விட நம் நெஞ்சைத் தொடுவது பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீராவுக்கு, அடிமையாகவே இருந்த கணவர் முகீஸைப் பிரியும் உரிமை கிடைத்தது, அவர் பிரிந்தார். முகீஸ் மதீனத்துத் தெருக்களில் தாடி நனைய அழுதபடி அவர் பின்னே நடந்தார். அதைக் கண்டு இரங்கிய நபி (ஸல்) அவர்கள், முகீஸிடம் திரும்பலாமே என்று பரீராவிடம் கூறினார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். இல்லை, பரிந்துரை மட்டுமே என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. அத்துடன் அப்பேச்சு முடிந்தது. சமுதாயம் முழுவதும் எவரது சொல்லுக்குக் கட்டுப்பட்டதோ, அவர்களே தம் சொல்லின் பாரத்தை ஒரு பெண்ணின் மீது சுமத்த மறுத்தார்கள். வெயிலில் நின்ற தரீஹை இந்நிகழ்ச்சியின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

1188இல் ஷிர்வான் மன்னர் அக்ஸிதானின் வேண்டுகோளுக்கிணங்க நிஜாமி கஞ்சவி பாரசீகத்தில் லைலா – மஜ்னூன் காவியத்தை இயற்றினார். அதில் மஜ்னூனுக்காக நவ்ஃபல் போரிட்டு வென்றும் பயனில்லை. பித்தனுக்குக் கொடுப்பதைவிட மகளைக் கொல்வேன் என்கிறார் லைலாவின் தந்தை. இப்னு ஸலாமுக்கு மணமுடிக்கப்பட்ட லைலா அவரை நெருங்கவிடவில்லை. மஜ்னூன் வாய்விட்டுப் பாடித் திரிந்தார். தன்னால் அதுவும் முடியவில்லையே என்ற லைலாவின் வேதனைக்கு நிஜாமி இடமளித்தார். பின்னர் இதே கதையைப் பாடிய அமீர் குஸ்ரோ, பெற்றோரின் விருப்பத்துக்காக மஜ்னூனுக்கு நவ்ஃபலின் மகளை மணமுடித்துவைத்தார். ஆக, நிர்ப்பந்தம் மகனையும் விட்டுவைக்கவில்லை.

இக்காவியங்களைப் படித்துக் கண்ணீர் சிந்துவது எளிது. கண்ணீர் மஜ்னூனுக்கே போய்ச் சேருகிறது. சம்மதம் கேட்கப்படாத லைலாவையும், வாசலில் அழுது நின்ற லுப்னாவையும் அது எட்டுவதில்லை. அவர்களுக்குரிய பரிகாரம் அவர்கள் காலத்திலேயே மார்க்கத்தில் இருந்தது. அதைக் கேட்டுப் பெறும் வழியைத்தான் குடும்பம் அடைத்து நின்றது. நம் இல்லங்களில் பெண்ணிடம் சம்மதம் கேட்கும் அந்தச் சில நிமிடங்களில், பரீராவைப் போல் மறுத்துச் சொல்லும் துணிவை அவளுக்கு நாம் அளித்திருக்கிறோமா என்பதைப் பெற்றோராகிய நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.