முன்பக்கம் கோயில், பின்பக்கம் கால்பந்து

ஆன்சைட் என்ற பெயரில் மிலன் நகரத்தில் மூணு மாசம் குப்பை கொட்டினேன். சனிக்கிழமை வந்தால் எனக்கும் ரூம்மேட்டுக்கும் சண்டைதான். எனக்கு கால்பந்து மைதானம் பார்க்கணும். அவனுக்கு சர்ச், அரண்மனை, மியூசியம். "ஆளே இல்லாத புல்தரையைப் பார்க்க டிக்கெட் எடுக்கிற ஒரே ஆள் நீதான்டா" என்பான். ரெண்டு பேரும் சண்டை போடாமல் திரும்பி வந்த ஒரே ஊர் டூரின். மிலனிலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே சூப்பர்கா என்று ஒரு குன்று இருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் அவன் கட்சி. 1706ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை டூரினை நாலு மாசம் போல முற்றுகை போட்டிருந்தது. சவோய் நாட்டு டியூக் இரண்டாம் விட்டோரியோ அமெடியோ, தன் உறவினர் இளவரசர் யூஜினோடு இந்தக் குன்றில் ஏறி எதிரியின் பாசறைகளை நோட்டம் விட்டார். ஜெயித்தால் இங்கேயே மாதாவுக்கு ஒரு கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டாராம். நம்ம ஊர் நேர்த்திக்கடனேதான் :) செப்டம்பர் 7ஆம் தேதி ஜெயித்தும் விட்டார். 1717ல் வேலை ஆரம்பித்து 1731ல் பசிலிக்கா திறந்தார்கள். வடிவமைத்தவர் ஃபிலிப்போ யுவாரா. சவோய் ராஜாக்கள் பலரின் கல்லறைகள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. இதே குடும்பம்தான் 1861ல் ஒன்றுபட்ட இத்தாலியின் அரச குடும்பம் ஆனது. நாட்டின் முதல் தலைநகரமும் டூரின்தான்.

குன்றின் உயரம் சுமார் 670 மீட்டர். கீழே போ ஆறும் மொத்த நகரமும், எதிரே ஆல்ப்ஸ் மலை. நண்பன் போட்டோவாக எடுத்துத் தள்ளினான். "போலாமா?" என்றான். "இரு, பின்பக்கம் போகணும்" என்றேன்.

இனி என் கட்சி. 1940களில் இத்தாலியில் டொரினோ அணியை அசைக்க ஆளில்லை. 1943ல் பட்டம். போரால் வழக்கமான லீக் நின்றுபோய், மறுபடி தொடங்கியபின் 1946லிருந்து 1949 வரை நாலு பட்டம். ஆக வரிசையாக ஐந்து. 1947 மே 11ல் ஹங்கேரியோடு ஆடிய இத்தாலி அணியில் 11 பேரில் 10 பேர் டொரினோக்காரர்கள். கோல்கீப்பர் மட்டும் அதே ஊர் யுவென்டஸ்!

1949 மே 3ஆம் தேதி லிஸ்பனில் பென்ஃபிகா அணியோடு ஒரு நட்பு ஆட்டம். மறுநாள் திரும்பும்போது டூரின் மேலே ஒரே மேகம். விமானம் பசிலிக்காவின் பின்பக்கச் சுவரில் மோதியது. 31 பேர் இருந்தார்கள், ஒருத்தரும் பிழைக்கவில்லை. அதில் ஆட்டக்காரர்கள் மட்டும் 18 பேர். உடல்களை அடையாளம் காட்ட வந்தவர் விட்டோரியோ போட்ஸோ, 1934லும் 1938லும் இத்தாலிக்கு உலகக்கோப்பை வாங்கித் தந்த கோச். தானே தேசிய அணிக்கு எடுத்து ஆடவைத்த பசங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டியிருந்தது. முழங்கால் அடிபட்டு ஊரிலேயே தங்கிய சௌரோ தோமா தப்பித்தார்.

லீக்கில் இன்னும் நாலு ஆட்டம் பாக்கி. டொரினோ தன் ஜூனியர் பையன்களை இறக்கியது. எதிரணிகளும் ஜூனியர்களையே இறக்கின. நாலையும் டொரினோ ஜெயித்து ஐந்தாவது பட்டம் வாங்கியது. அடுத்த பட்டத்துக்கு 1976 வரை, 27 வருஷம் காத்திருந்தார்கள். 1950 உலகக்கோப்பைக்கு இத்தாலி அணி பிரேசிலுக்கு கப்பலில் போனது. கேப்டன் வாலண்டினோ மட்ஸோலாவின் மகன் சாண்ட்ரோவுக்கு விபத்தின்போது ஆறு வயசு. பின்னாளில் இன்டர் மிலனுக்கு ஆடி 1964, 1965ல் ஐரோப்பியக் கோப்பை ஜெயித்தார்.

அந்த அணி ஆடிய ஃபிலடெல்பியா மைதானம்கூட மிஞ்சவில்லை. 1990களின் கடைசியில் இடித்தார்கள். அதே இடத்தில் 2017ல் பயிற்சி மைதானம் வந்தது. ஆக, அந்த அணியைத் தேடிப்போகிறவன் மைதானத்துக்குப் போய்ப் பிரயோஜனமில்லை, குன்றுக்குத்தான் வரணும். பின்சுவரில் பெயர்கள் பொறித்த கல். ஒவ்வொரு மே 4ஆம் தேதியும் டொரினோ கேப்டன் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கிறார். ஜனம் குன்றேறி வந்து கேட்கிறது.

நாங்கள் போனபோது அந்தக் கல்லைச் சுற்றி ரசிகர்கள் விட்டுப்போன ஸ்கார்ஃபும் பூவும் கிடந்தன. கீழ்த்தளத்து ராஜாக்களுக்கு யாரும் பூ வைத்ததாகத் தெரியவில்லை. நண்பன் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே வரை படித்தான். திரும்பும் ரயிலில் ரொம்ப நேரம் கழித்து, "அடுத்த வாரம் உன் புல்தரைக்குப் போலாம்டா" என்றான்.

டூரின் பக்கம் போனால் பசிலிக்கா வாசலோடு திரும்பிடாதீங்க மக்களே. ஒரு சுற்று சுற்றி பின்பக்கமும் போங்க.