கோப்பாயின் சுண்ணக்கல்லும் வாஷிங்டன் உடன்படிக்கையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கோப்பாயில் வீட்டுக் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே சுண்ணக்கல்லில்தான் இறங்குகின்றன. மேலே செம்மண் படை. கீழே வெடிப்பும் குகையுமாய் மயோசீன் காலக் கல். மண்ணில் ஊறி மெதுவாக வடியும் நீர் வழியிலேயே ஓரளவு தூய்மை அடையும். வெடிப்பில் ஓடும் நீருக்கு அந்த அவகாசம் இல்லை. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இத்தனை மீற்றர் என்று வகுக்கும் விதி, மண் வடிகட்டித் தரும் என்ற எடுகோளில் நிற்பது. இங்கே அந்த எடுகோளே தளர்ந்துவிடுகிறது. தோட்டத்தில் இடும் யூரியாவும் இதே வழியால்தான் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கோப்பாய் அடங்கும் வலிகாமத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

பொறியியலாளர் யார், அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுக்கும் சர்வதேச நியமங்களை இந்தக் கிணற்றடியில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொறியியற் பட்டக் கற்கைகளின் தராதரத்தைப் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 1989இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் கையொப்பமிட்டன. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல், இந்தியாவின் தேசிய தரமதிப்பீட்டுச் சபை முழு உறுப்புரிமை பெற்ற அதே ஆண்டில், அதில் முழு உறுப்பினரானது. இத்தகைய உடன்படிக்கைகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச பொறியியல் கூட்டணி, பட்டதாரிப் பண்புகளும் தொழில்சார் தகைமைகளும் பற்றிய தன் ஆவணத்தை 2021இல் திருத்தியது. தொழில்சார் பொறியியலாளருக்கு அது விதிக்கும் 13 தகைமைகளில் இரண்டாவது உள்ளூர் அறிவு: பணிபுரியும் ஆட்புலத்துக்குரிய நல்ல நடைமுறையின் அடிப்படைகளை அறிந்து பயன்படுத்தல்.

நல்ல விதிதான். ஆனால் ஆட்புலம் நடைமுறையில் நாடாகிவிடுகிறது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பழைய உருமாறிய கடும்பாறை. அப்பாறையில் தேர்ந்த ஒருவர் பட்டயப் பொறியியலாளராகிக் கோப்பாய்க்கு மாற்றலாகி வந்தால், கடதாசியில் அவருடைய உள்ளூர் அறிவு நிறைவானது. உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர் வில்லையை அவர் அதுவரை கண்டிருக்க வேண்டியதில்லை. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது இருக்கும் என்பது பாடநூற் கணக்கு. அளவுமீறி இறைத்தால் இந்த வில்லை மெலிந்து உவர்நீர் மேலேறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் ஆள்வலுவே இறைப்புக்கு எல்லை வைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போயிற்று.

இந்த இடைவெளியைச் சுட்டக்கூடியவர் சகமதிப்பாய்வாளர். உடன்படிக்கையின் உறுப்பு அமைப்பு ஒவ்வொன்றையும் பிற உறுப்பு நாடுகளிலிருந்து வரும் சிறு குழு காலமுறையில் வந்து பார்க்கிறது. தரமதிப்பீட்டுப் பயணமொன்றை உடனிருந்து கவனித்து அறிக்கை எழுதுகிறது. இவர்கள் தேடுவது ஒரே பாடத்திட்டத்தையல்ல. பேறுகள் கணிசமாக ஒப்பானவையா என்பதையே. இப்பணி தன்னார்வத்தில் நடப்பது. பல்கலைக்கழக மூத்தோராலும் பெருநிறுவனத்தில் விடுப்புப் பெற வல்லோராலும் வர முடிகிறது. பிரதேச சபையின் ஒற்றைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரால் முடிவதில்லை. எவரையும் விலக்கி வைக்கும் விதி எங்கும் எழுதப்படவில்லை; ஊதியமற்ற நேரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நியமங்களின் நடுநிலை பற்றிப் பேசுவோர் இதை அதிகம் பேசுவதில்லை.

சுண்ணக்கல்லையும் சதுப்பையும் பாலைவனத்தையும் எழுதப்போனால் சர்வதேச நியமம் கலைக்களஞ்சியமாகிவிடும் என்பது வலுவான மறுப்பு. அதை ஏற்கிறேன். நான் கேட்பது வாசகத்தில் மாற்றமல்ல, சான்றில் மாற்றம். உள்ளூர் அறிவுக்குச் சான்றாக நாட்டின் சட்டங்களும் கட்டட ஒழுங்குவிதிகளும் தெரியும் என்பதை ஏற்பது ஒன்று. விண்ணப்பதாரி தாம் வேலை செய்த நிலத்தின் நீரியலை எப்படி அறிந்தார், அதனால் எந்த வடிவமைப்பை மாற்றினார் என்று கேட்பது வேறு. பின்னதைக் கேட்கத் தெரிந்தவர், அத்தகைய நிலத்தில் ஒருமுறையேனும் தோற்ற வடிவமைப்பைப் பார்த்தவராகவே பெரும்பாலும் இருப்பார்.

கோப்பாய்க்கும் கைதடிக்கும் இடையே கிடக்கும் உப்பாற்றை நன்னீராக்கினால் அயற்கிணறுகளின் உவர் குறையும் என்ற தர்க்கம், நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தின் உயிர்நாடி. திட்டம் முழுமை பெறவில்லை. அதன் பயன் பற்றிய சர்ச்சையும் ஓயவில்லை. ஆயினும் கடல்நீரேரி, தடுப்பணை, கிணறு மூன்றையும் ஒரே கணக்கில் வைத்த அந்த வேலை எத்தகைய அறிவென்று ஒரு மதிப்பாய்வாளருக்கு விளங்க வேண்டும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வெளிநாட்டு மதிப்பாய்வுகளுக்குப் பெயர் முன்மொழியும்போது, வடக்கில் நீர் வழங்கலிலும் நீர்ப்பாசனத்திலும் களத்தில் நின்றவர்களைச் சேர்த்து, அவர்களுடைய திணைக்களங்களிடம் சம்பளத்துடனான விடுப்பையும் எழுதிக் கேட்கலாம்.