கல்லுக்குள் உயிர்

கரீபியன் கடலின் ஆழம் குறைந்த பகுதிகளில் மூளைப் பவளம் வளர்கிறது. பாறைபோல் உருண்ட அதன் மேனியெங்கும் மேடும் பள்ளமும் மூளையின் மடிப்புகளென நெளிந்தோடுகின்றன.

பவளங்களைக் கல்லென்றும் செடியென்றும் அறிஞர் எண்ணியிருந்த காலம் ஒன்றுண்டு. 1720-களில் மார்சேய் நகர மருத்துவர் பெய்சொனெல், உயிருள்ள செம்பவளத்தைக் கடல்நீரிலேயே வைத்து உற்று நோக்கினார். பூக்கள் எனப்பட்டவை தொட்டதும் சுருங்கின, பின்னர் விரிந்தன. அவை சிற்றுயிர்கள் என்றார் அவர். பாரிஸ் அறிவியல் கழகத்தில் ரெயோமூர் அவர் பெயரைச் சொல்லாமலே அக்கருத்தை மறுத்தார். 1740-களில் திராம்ப்ளே ஹைட்ராவை ஆராய்ந்த பின்னரே ரெயோமூரும் உண்மையை ஏற்றார்.

மூளைப் பவளத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் எண்ணற்ற சிறு வாய்கள் வரிசையாய் அமைந்துள்ளன. உடலுள் வாழும் நுண்பாசிகள் கதிரொளியால் உணவாக்கித் தருகின்றன; பவளமோ சுண்ணாம்புக் கூட்டை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்க்கிறது. ஆளுயரப் பவளம் பல நூற்றாண்டுகளின் உழைப்பு.

2014-இல் புளோரிடாக் கரையில் தோன்றிய திசுவழிவு நோய் அத்தகைய பவளங்களைச் சில வாரங்களிலேயே கொன்றுவிடுகிறது. கல்லென்று எண்ணியிருந்தால் இதனை இழப்பென்றே உணரமாட்டோம். உயிரென்று அறிந்துவிட்ட நமக்கோ, காக்கும் கடமையும் உடன் வந்துவிட்டது.