குணசேகரனுக்கு அழுத பொம்பளைங்க

கடலை ஆய்ஞ்சு முடிச்சாச்சு, ரெண்டு நாள் ஓய்வு. அதனால இந்தத் தடவை காட்டை விட்டுட்டு டிவி சீரியலைப் பத்தி எழுதுறேன். சிரிக்காதீங்க, இதுலயும் ஒரு வரலாறு இருக்கு.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலையில, 'எதிர்நீச்சல்' சீரியல்ல ஆதி குணசேகரனா நடிச்ச மாரிமுத்து இறந்துட்டார்னு செய்தி வந்தது. நூறு நாள் வேலைக்குக் கிளம்பின எங்க தெருப் பொம்பளைங்க அப்படியே திண்ணையில உக்காந்துட்டாங்க. படிச்ச மருமகளுங்களை அடுப்படிக்குள்ள அடைச்சு வச்சு அதிகாரம் பண்ற மூத்த அண்ணன் வேசம் அவருக்கு. ஒன்றரை வருசமா ராத்திரி ஒன்பதரை மணிக்கு "நாசமாப் போவான்"னு அவரைச் சபிச்ச எங்க சின்னம்மாதான் முதல்ல முந்தானையால கண்ணைத் தொடச்சாங்க.

அப்புறம் அந்த வேசத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். அவரும் நல்ல நடிகர்தான். ஆனா எங்க தெரு ஒத்துக்கல. "இவரைத் திட்ட மனசு வர மாட்டேங்குதுப்பா"ன்னாங்க சின்னம்மா.

திட்டுறதுக்கு இருந்த ஒரு ஆள் போனதுக்கா இவ்வளவு துக்கம்? இதை யோசிச்சப்போ எனக்கு 1987 ஞாபகம் வந்தது.

அந்த வருசம் ஜனவரியில தூர்தர்ஷன்ல ராமானந்த சாகர் எடுத்த 'ராமாயண்' ஆரம்பிச்சது. ஞாயித்துக்கிழமை காலையில எங்க பஞ்சாயத்து டிவி முன்னால ஊரே உக்காரும். ஹிந்தி ஒருத்தருக்கும் தெரியாது, கதை எல்லாருக்கும் தெரியும். 52 பகுதின்னு திட்டம் போட்டது 78 பகுதி ஓடி, 1988 ஜூலையில பட்டாபிஷேகத்தோட முடிஞ்சது.

அப்பதான் பஞ்சாப்ல ஜலந்தர் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. கூலிக்காக இல்ல, உத்தர காண்டத்தையும் எடுக்கணும்னு! அவங்க வால்மீகி முனிவரைத் தங்களோட முன்னோராக் கும்பிடுறவங்க. காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதைக்கு அடைக்கலம் கொடுத்ததும், லவனும் குசனும் வளந்ததும் அவரோட ஆசிரமத்துல. பட்டாபிஷேகத்தோட கதையை நிறுத்திட்டா அவங்க முனிவருக்கு அதுல இடமே இல்லாமப் போயிரும். வேலைநிறுத்தம் வேற சில ஊருக்கும் பரவினது. அதே வருசம் அக்டோபர்ல 'லவ் குஷ்' தொடர் வந்துருச்சு.

ஊர்க் குப்பையை அள்ளுற மக்களை யாரு மதிச்சா? அவங்க கேட்டது கதைக்குள்ள ஒரு இடம். அதுக்காக விளக்குமாத்தைக் கீழ போட்டாங்க. பாக்குறவங்க சத்தம் போட்டுக் கதையை மாத்தினது அதோட நிக்கல. 2000ல ஆரம்பிச்ச 'க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ' ஹிந்தி சீரியல்ல மிஹிர்ங்கிற கதாநாயகனைச் சாகடிச்சாங்க. ஜனங்க போட்ட சத்தத்துல அவனை உயிரோட திரும்பக் கொண்டு வர வேண்டியதாப் போச்சு.

எங்க ஊர்லயும் ஒரு மாத்தம் நடந்தது. பஞ்சாயத்து டிவி காலத்துல ஆம்பளைங்கதான் முன்வரிசை. 2006க்கு அப்புறம் அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுத்ததும் ரிமோட் பொம்பளைங்க கைக்குப் போச்சு. அப்போ 'கோலங்கள்' ஓடிக்கிட்டு இருந்தது. அதை எடுத்த திருச்செல்வம்தான் பிறகு எதிர்நீச்சலும் எடுத்தவர்.

இப்ப என் வீட்டுக் கதைக்கு வர்றேன். சீரியல் ஓடின சமயத்துல என் தங்கச்சி திருவிழாவுக்கு வந்திருந்துச்சு. குணசேகரன் சொத்தைப் பத்தி அதட்டிப் பேசுற காட்சி. நான், "அட, இது வெறும் நடிப்பு, இதுக்குப் போய் ஏன் டென்சன் ஆகுற?"ன்னேன். அது டிவியில இருந்து கண்ணை எடுக்காமச் சொல்லுச்சு: "கையெழுத்துப் போட்ட அன்னைக்கு எனக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்தியேண்ணே."

அதுக்குக் கல்யாணம் நடந்தது 1993ல. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்துல மகனுக்குச் சமமான பங்குன்னு தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச்சுலயே அமலுக்கு வந்துருச்சு. எனக்கு அன்னைக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கையெழுத்து வாங்கித்தான் இருப்பேன். நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சுல்லன்னு வீட்ல எல்லாரும் சொன்னோம். முப்பது வருசமா அது என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. ராத்திரி ஒன்பதரைக்கு குணசேகரனைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு.

சின்னம்மா ஏன் அழுதாங்கன்னு எனக்கு இப்பப் புரியுது. வீட்டு ஆம்பளையைக் கேக்க முடியாததை எல்லாம் கேக்கறதுக்கு அவங்களுக்கு இருந்தது அந்த ஒரு ஆள்தான்.

பொய் சொல்ல விரும்பல, பத்திரத்துல நான் இன்னும் எதையும் மாத்தல. கிணத்தை ஒட்டின அரை ஏக்கரைத் தங்கச்சி பேருக்கு எழுதலாம்னு வீட்ல பேச்செடுத்தேன். மகன் முகம் கொடுக்க மாட்டேங்கிறான். ஆனா என் வீட்டுக்காரி, "இப்பவாவது கேட்டீங்களே"ன்னா. யாரைச் சொன்னான்னு நான் கேக்கல.

உங்க வீட்ல எந்த சீரியலுக்கு யாரு அழுதாங்க? எழுதுங்க.