பத்து வயசு தாண்டிய காருக்கு ரோடு சைடு அசிஸ்டன்ஸ்... பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்க!

"இந்த வீக் எண்ட் வால்பாறை போலாமா?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது கேட்டால், கோயம்புத்தூர்க்காரர்கள் யோசிப்பது ரெண்டே விஷயம்தான். லீவு கிடைக்குமா... நம்ம வண்டி மலை ஏறுமா? அப்பா வாங்கின சான்ட்ரோ, மாமாகிட்ட இருந்து கைமாறி வந்த ஆல்டோ, செகண்ட் ஹேண்டில் பிடித்த ஸ்விஃப்ட் என்று நம்மில் பலர் ஓட்டுவது பழைய கார்தான். காந்திபுரத்துக்கும் சிங்காநல்லூருக்கும் ஓட்டும்வரை கவலையே இல்லை. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும்போதுதான் டெம்பரேச்சர் மீட்டர் மேல் கண் போகும்.

அந்தப் பயத்துக்கு மருந்தாக விற்கப்படுவதுதான் ரோடு சைடு அசிஸ்டன்ஸ், சுருக்கமாக ஆர்.எஸ்.ஏ. 'இந்தியா முழுக்க 24 மணி நேர உதவி' என்று போனில் சொல்லும்போது கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால், பழைய காருக்கு அந்தத் திட்டம் கைகொடுக்குமா என்பதை மூன்று விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. வண்டியின் வயசு, இழுத்துப் போகும் தூரம், கொண்டு போய் விடும் இடம். விலையை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

'ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கே... போதாதா?'

போதாதுங்க. நாம் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று சொல்லும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுனும், தேய்மானத்தால் வரும் கோளாறுகளும் அந்த பாலிசியில் சேராது என்று அதன் விதிகளிலேயே எழுதியிருக்கும். கிளட்ச் பிளேட் போனாலும், பேட்டரி இறங்கினாலும், ரேடியேட்டர் கொதித்தாலும் அது உங்கள் செலவுதான்.

'டோயிங் உண்டு'ன்னு பாலிசியில் போட்டிருக்கே என்று கேட்கலாம். அது விபத்துக்குப் பிறகு வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவதற்கு. காருக்கான வழக்கமான பாலிசியில் அதற்கான உச்ச வரம்பு, ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய். சும்மா ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுரோட்டில் நின்றால் அந்தப் பணம் வராது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் பத்து வருஷத்துக்கு மேல் ஆனதும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். சட்டப்படி அது போதும். 1,000 சி.சி வரையிலான காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த பிரீமியம் 2,094 ரூபாய், ஜி.எஸ்.டி தனி. ஆனால் ஆர்.எஸ்.ஏ ஆட்-ஆன் பொதுவாக காம்ப்ரிஹென்சிவ் பாலிசியோடுதான் கிடைக்கும். நடுவழியில் நிற்க அதிக வாய்ப்புள்ள வண்டிக்குத்தான் இந்தக் கதவு முதலில் மூடுகிறது.

நாலு வழி இருக்கு

ஒண்ணு, இன்ஷூரன்ஸ் ஆட்-ஆன். பாலிசி புதுப்பிக்கும்போது கூடுதலாகச் சில நூறு ரூபாய் கட்டிச் சேர்ப்பது. விலை குறைவு. ஆனால் கார் வயசுக்கு வரம்பு வைப்பார்கள்.

ரெண்டு, கார் கம்பெனியின் திட்டம். புது கார் வாங்கும்போது சில வருஷங்களுக்கு வரும். பிறகு பணம் கட்டி நீட்டிக்கலாம். எத்தனை வயசு வரை நீட்டிப்பார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மூணு, தனியாக வாங்கும் மெம்பர்ஷிப். மைடிவிஎஸ் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களும் வாங்கலாம் என்பதுதான் இதன் பெரிய பிளஸ். இது புது ஐடியா இல்லை. பிரிட்டனின் 'ஏஏ' சங்கம் 1905-ல் ஆரம்பித்தது, போலீஸின் ஸ்பீடு செக்கிங்கில் மாட்டாமல் கார்க்காரர்களைக் காப்பாற்ற! பழுதான வண்டிக்கு ஆள் அனுப்பும் வேலை பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

நாலு, 1033. இது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இலவச ஹெல்ப்லைன். சேலம் ரோடு, பாலக்காடு ரோடு மாதிரியான தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் கூப்பிடலாம். ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் உதவிக்கு வரும். ஆனால், அவர்களின் வேலை ரோட்டை க்ளியர் செய்வது. உங்கள் மெக்கானிக் வீட்டு வாசல்வரை கொண்டு வந்து விட மாட்டார்கள். பொள்ளாச்சி - வால்பாறை மாதிரி மாநில நெடுஞ்சாலைகளுக்கு இந்த நம்பர் பொருந்தாது.

கேள்வி 1: எந்த வயசு வரைக்கும்?

'உங்க திட்டத்துல எத்தனை வருஷ கார் வரைக்கும் சேர்ப்பீங்க? வயசை எந்தத் தேதியில இருந்து கணக்குப் போடுவீங்க?' என்று கேளுங்கள். ஆர்.சி-யில் பதிவுத் தேதியும், தயாரித்த மாதமும் வேறு வேறாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சில மாத இடைவெளி இருந்தால், வரம்பைத் தொடும் வருஷத்தில் அதுவே சிக்கலாகும்.

15 வருஷம் முடிந்த காருக்கு ஆர்.சி புதுப்பித்திருக்க வேண்டும். அதன்பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி காலாவதியான வண்டிக்கு ஆர்.எஸ்.ஏ வாங்கி வைத்துவிட்டு, தேவைப்படும் நேரத்தில் 'டாக்குமென்ட் சரியில்லை' என்று கேட்பது வீண் வேலை. முதலில் ஆர்.சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றையும் சரி பாருங்கள்.

கேள்வி 2: எத்தனை கிலோமீட்டர்?

எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். 'ஃப்ரீ டோயிங்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். 25 கி.மீ, 50 கி.மீ, 100 கி.மீ என்ற வரம்பு சின்ன எழுத்தில் இருக்கும்.

நம்ம ஊர்க் கணக்கில் பார்ப்போம். கோயம்புத்தூரில் இருந்து மேட்டுப்பாளையம் சுமார் 35 கி.மீ, பொள்ளாச்சி சுமார் 40 கி.மீ, ஊட்டி 85 கி.மீ-க்கு மேல், வால்பாறை 100 கி.மீ-க்கு மேல். 50 கி.மீ திட்டம் வைத்துக்கொண்டு வால்பாறையில் நின்றால், இலவச தூரம் பொள்ளாச்சிக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும். மிச்சத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் கட்ட வேண்டும்.

அடுத்து, அந்தத் தூரத்தை எங்கிருந்து கணக்கிடுகிறார்கள்? வண்டி நின்ற இடத்திலிருந்தா, ரெக்கவரி வண்டி கிளம்பும் இடத்திலிருந்தா? ஒருவழியா, போய்வரவா? இந்த ஒரு பதிலில் 50 கி.மீ 25 ஆகிவிடலாம்.

உங்கள் கார் வருஷத்துக்கு ரெண்டு தடவை பெருந்துறை தாண்டாது என்றால் சின்ன வரம்பே போதும். மாதாமாதம் பழனி, ஊட்டி என்று கிளம்புகிற ஆளா? 100 கி.மீ திட்டத்துக்குக் குறைந்து போகாதீர்கள்.

கேள்வி 3: எங்கே கொண்டு போய் விடுவீங்க?

'அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்' என்று விதியில் இருந்தால் உஷார். ஷெவர்லே இந்தியாவில் விற்பனையை 2017-ல் நிறுத்திவிட்டது. இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-ல் அறிவித்தது. மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே முடிந்தது. பீட், ஃபிகோ வைத்திருப்பவருக்குப் 'பக்கத்து கம்பெனி சர்வீஸ்' எத்தனை கி.மீ தள்ளி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய காரின் உண்மையான சர்வீஸ் சென்டர், அதை வருஷக்கணக்கில் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன்தான். 1920-ல் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் ஜி.டி.நாயுடு பஸ் விட்ட காலத்தில் இருந்தே இந்தப் பக்கம் வண்டி வேலைக்குப் பேர் போனது. அவினாசி ரோட்டில் பழைய கார்களுக்கென்று மியூசியமே இருக்கிறது. கம்பெனி கைவிட்ட மாடலையும் ஓட வைக்க ஆள் கிடைக்கும் ஊர் இது. எனவே, 'நான் சொல்ற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவீங்களா?' என்பதற்கு 'ஆமாம்' என்று பதில் வரும் திட்டத்தைத்தான் எடுக்க வேண்டும்.

கூடவே, வண்டியை முழுசாக மேலே ஏற்றும் ஃபிளாட்பெட் வருமா, முன் சக்கரத்தை மட்டும் தூக்கும் வண்டி வருமா என்றும் கேளுங்கள். ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ் கார்களைச் சக்கரம் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் காலியாகும் வாய்ப்பு உண்டு.

இலவசம் எது, காசு எது?

மெக்கானிக் வந்து போவது இலவசம். அவர் மாற்றும் ஸ்பேருக்குக் காசு. ஸ்டெப்னி மாட்டித் தருவது இலவசம். பஞ்சர் ஒட்டுவது பெரும்பாலும் உங்கள் செலவு. பெட்ரோல் கொண்டு வருவார்கள், பெட்ரோல் விலையை நீங்கள் தர வேண்டியிருக்கும். பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட் கிடைக்கும், புது பேட்டரி கிடைக்காது.

வருஷத்துக்கு எத்தனை தடவை கூப்பிடலாம், ஒரே கோளாறுக்குத் திரும்பக் கூப்பிட்டால் வருவார்களா, பணம் கட்டிய எத்தனை நாளில் திட்டம் அமலுக்கு வரும் என்பதையும் பாருங்கள். வண்டி நின்ற பிறகு ஆன்லைனில் வாங்கிவிட்டு உடனே கூப்பிடுவது பெரும்பாலும் நடக்காது.

மலை, காடு, மழை... நம்ம ஏரியா சிக்கல்கள்

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் என்பதால், 2022-ல் இருந்து இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. சாயங்காலம் அங்கே வண்டி நின்றால், கீழே இருந்து ரெக்கவரி வண்டி வந்து சேர்வதே பெரும்பாடு. 'வனப்பகுதி சாலைக்கும், மலைப்பாதைக்கும் வருவீங்களா? ராத்திரியில வருவீங்களா?' என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வாளையார் தாண்டி கேரளாவுக்கு அடிக்கடி போகிறவர்கள், 'அங்கே நின்னா கோயம்புத்தூருக்கே கொண்டு வந்து விடுவீங்களா?' என்றும் கேட்க வேண்டும்.

மழைக்கு லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தேங்கும் தண்ணீர் நமக்குத் தெரிந்ததுதான். தண்ணீரில் வண்டி ஆஃப் ஆனால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு கிராங்கில் இன்ஜின் வேலையே வந்துவிடும். வழக்கமான பாலிசியில் அதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். அப்படியே நிறுத்தி, இழுத்துக்கொண்டு போவதுதான் சரி.

யாருக்கு எது செட் ஆகும்?

* 10 வயசுக்குள், காம்ப்ரிஹென்சிவ் இருக்கிறது: இன்ஷூரன்ஸ் ஆட்-ஆன் முதல் சாய்ஸ். கிலோமீட்டர் வரம்பை மட்டும் சரி பாருங்கள்.
* 10 வயசுக்கு மேல், தேர்ட் பார்ட்டி மட்டும், அடிக்கடி வெளியூர்: தனி மெம்பர்ஷிப். 100 கி.மீ டோயிங், விருப்பப்பட்ட ஒர்க்‌ஷாப் இரண்டும் இருக்க வேண்டும்.
* ஊருக்குள் மட்டும் ஓடும் கார்: எதுவும் வாங்காமல், மெக்கானிக் நம்பரும் நம்பகமான ரெக்கவரி வண்டி நம்பரும் வைத்துக்கொண்டால்கூடப் போதும். மிச்சமாகும் காசில் பேட்டரியையும் டயரையும் மாற்றுங்கள்.

வண்டி நின்னா என்ன செய்யணும்?

ஹஸார்டு லைட் போட்டு, முடிந்தவரை ஓரம் கட்டுங்கள். மேட்டில் நின்றால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க கல் வைத்து, கிளம்பும்போது அதை எடுத்து ஓரம் போடுங்கள். நெடுஞ்சாலை என்றால் குழந்தைகள், பெரியவர்களோடு தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். யானை நடமாட்டம் உள்ள காட்டுப் பாதை என்றால் காருக்குள்ளேயே இருங்கள். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மலையில் சிக்னல் வந்து வந்து போகும். மெம்பர்ஷிப் நம்பர், கஸ்டமர் கேர் நம்பர் இரண்டையும் பேப்பரில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். பக்கத்து மைல்கல் எண்ணையோ, கொண்டை ஊசி வளைவு எண்ணையோ சொன்னால் தேடி வருபவருக்குச் சுலபம். பாதுகாப்பு இல்லை என்று தோன்றினால் யோசிக்காமல் 112.

ஏமாத்திட்டாங்கன்னா?

இன்ஷூரன்ஸ் ஆட்-ஆன் என்றால், முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 'பீமா பரோசா' தளம். அதற்கான போன் நம்பர் 155255. தனி மெம்பர்ஷிப் இன்ஷூரன்ஸ் இல்லை, அது ஒரு சேவை ஒப்பந்தம். எனவே தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ஐக் கூப்பிடுங்கள். அதிலும் முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம் போகலாம்.

அந்த நிலைமையே வராமல் இருக்க ஒரு வழி உண்டு. வயசு வரம்பு எவ்வளவு, எத்தனை கி.மீ இலவசம், நான் சொல்லும் ஒர்க்‌ஷாப்புக்கு வருவீர்களா என்ற மூன்று கேள்விகளையும் பணம் கட்டும் முன் மெயிலில் அனுப்புங்கள். போனில் ஆயிரம் 'கண்டிப்பா சார், கண்டிப்பா மேடம்' சொல்வார்கள். எழுத்தில் பதில் தந்தால் பணம் கட்டுங்க... தரவில்லை என்றால் அடுத்த திட்டத்தைப் பாருங்க!