கடைச்சல் இயந்திரமும் மலைநாடும்



மாத்தளையை அடுத்துள்ள பல்லேஹபுவித என்னும் சிற்றூர் அரக்கு வேலைக்குப் பெயர் பெற்றது. அவ்வகை வேலைக்கு மரம் கடையும் பண்டை முறையில், ஒருவர் கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்றுவார். மற்றவர் உளியைக் கையாற் பிடித்திருப்பார். கை சற்று நடுங்கினும் உருவம் பிசகும். மரத்துக்கு அம்முறை போதும், இரும்புக்குப் போதாது.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் 1769இல் நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதற்கு வேண்டிய உருளையைச் செம்மையாகக் குடைந்து தருவார் இலர்; இடுக்கு வழியே ஆவி கசிந்து வீணாயிற்று. பீரங்கி குடைந்து பழகிய ஜான் வில்கின்சன் 1775இல் புதிய துளைபொறி அமைத்த பின்னரே வாட்டின் எண்ணம் கைகூடியது. வாட்டைப் போற்றும் நாம் வில்கின்சனை மாணவருக்குச் சொல்வதில்லை. இக்குறையில் ஆசிரியனாகிய எனக்கும் பங்குண்டு.

1800ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி, உளியைக் கையினின்றும் விடுவித்து, திருகினால் நகரும் இரும்புத் தாங்கியில் அமைத்தார். திருகாணிகளை ஒன்றுபோல் ஒன்றாகக் கடைய அப்போதுதான் வழி பிறந்தது. அவர் பட்டறையிற் பணிபுரிந்த ஜோசப் விட்வர்த், 1841இல் புரிகளுக்குப் பொது அளவு வகுத்தார். கோணம் 55 பாகை. அரை அங்குல ஆணிக்கு அங்குலத்துக்குப் 12 புரி. அதற்கு முன்னர் ஒரு பட்டறையின் ஆணி மற்றொரு பட்டறையின் சுரையிற் பொருந்துவது அரிது.

மலைநாட்டுக்கு இதனால் ஆனதென்ன? 1854இல் ஜான் வாக்கர் கண்டியில் பட்டறை தொடங்கியது கோப்பித் தோட்டங்களின் இயந்திரங்களை நம்பியே. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1872இல் கொழுந்து உருட்டும் பொறியொன்றைத் தாமே அமைத்தார். பின்னர் இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவில் வார்த்த ஜாக்சன் உருட்டுபொறிகள் கப்பலேறி வந்தன. மாத்தளைக்கு 1880இலேயே புகையிரதம் வந்துவிட்டது. ஆனால், பழுதுபட்டாற் கப்பலுக்குக் காத்திருத்தல் இயலுமோ? பறித்த கொழுந்து காத்திராதே!

என் சிறுவயதில், மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், ‘ஸ்டோர்’ என்று மக்கள் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டுபொறியின் ஆணி முறிந்தது. பொறியோ பிறந்த ஆண்டு எவரும் அறியாத பழையது. வாடவைத்த கொழுந்து தட்டுகளிற் கிடந்தது. அடுத்த நாள் கொழுந்து எடுப்பார்களோ என்று பெண்கள் வாயிலில் நின்று கேட்டனர். ‘பிற்றர்’ ஐயா முறிந்த துண்டுடன் கண்டிக்குப் போய், கடைசிப் பேருந்தில், பத்திரிகைத் தாளிற் சுற்றிய புதிய ஆணியுடன் திரும்பினார். அது எங்கோ, எவரோ கடைந்த ஆணி. பழைய சுரையை அதன்மேல் வைத்தார். அது விரலால் திருப்பும்போதே தானாய் இறங்கியது.