மொன்சாப் பந்தயப் பாதை: வேகமும் உழைப்பும்

மிலான் நகருக்கு வடக்கேயுள்ள மொன்சா மோட்டார்ப் பந்தயப் பாதையின் வரலாற்றை வெற்றியாளரின் பெயர் வரிசையாக மட்டும் நோக்குதல் போதாது. பழைய அரச பூங்காவினுள் 1922 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,500 தொழிலாளர் 110 நாட்களில் அதனை அமைத்து முடித்தனர். 5.5 கிலோமீற்றர் வீதிப் பாதையும் 4.5 கிலோமீற்றர் அதிவேகச் சுற்றும் இணைந்து 10 கிலோமீற்றராயின. 1955 இல் அதிவேகச் சுற்றில் செங்குத்தான கொங்கிறீற் வளைவுகள் எழுந்தன.

வேகத்தின் விலையை யார் செலுத்தினர்? 1928 இல் மத்தெராசியின் கார் கூட்டத்தினுள் பாய்ந்தபோது இருபதுக்கு மேற்பட்ட பார்வையாளர் மாண்டனர். 1961 இல் வொன் டிறிப்ஸின் விபத்தில் 15 பார்வையாளர் உயிரிழந்தனர். ஓட்டிகள் இருவரும் தப்பவில்லை. அதன்பின் இத்தாலிய கிராண்ட் பிறியில் அவ்வளைவுகள் பயன்படுத்தப்படவில்லை.

ஓட்டிகளின் பெயர்கள் நிலைத்தன. பாதை சமைத்தோரும் வேலியோரம் மாண்டோரும் எண்ணிக்கைகளாகவே எஞ்சினர். அவ்வெண்ணிக்கைகளுக்குப் பின்னாலுள்ள மனிதரையும் சேர்த்தெழுதுவதே முழுமையான வரலாறு என்பது நமது கருத்தாகும்.